கம்பியும் கண்ணாடியும் கதையும்

கணினி வலையமைப்புகளைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, ஓய்வு கிடைத்த வேளைகளில் கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்பவனாகவும், அதற்கு மேலும் ஏதேனும் அவகாசம் மிஞ்சினால் சிறுகதை எழுதுபவனாகவும் ஒருவன் இருக்கிறான் என்று தெரியவந்தால், நம்மவர்களுக்கு முதலில் அவனுடைய உத்தியோகத்தின் மீதுதான் சந்தேகம் உண்டாகிறது. "ஆபீஸில் வேலையே கிடையாதா?" என்று நேராகக் கேட்டுவிடுகிறவர்கள் உண்டு, அவர்களை எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள், "எப்படி சார் டைம் மேனேஜ் பண்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, மணிக்கு ஒரு காரியமாகப் பிரித்துக்கொண்டு, தொலைக்காட்சியைத் துறந்து வாழும் ஒரு கால அட்டவணையை என்னிடமிருந்து எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஓர் அட்டவணை என்னிடம் இல்லை. இருந்தாலும் என் உத்தியோகத்தில் அது ஒரு வாரம் தாங்காது. எனக்கு உதவியது வேறொரு கணக்கு. ஒரு காரியத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தக் காரியம் எவ்வளவு குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்கத் தொடங்கினேன். இந்த ஒரு கேள்வியைக் கொண்டுதான் என் மூன்று காரியங்களும் ஒன்றையொன்று கொன்றுவிடாமல் இத்தனை காலம் ஜீவித்து வருகின்றன என்பது என் அபிப்பிராயம்.

உத்தியோகத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் சம்பளம் கொடுப்பது அதுதான். மற்ற இரண்டும் அந்தச் சம்பளத்தைச் செலவழிப்பவை. ரவுட்டர்களும் சுவிட்சுகளும் அவற்றை இணைக்கும் ஃபைபர் கம்பிகளும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வரையில் எங்களை ஒருவரும் நினைப்பதில்லை; ஏதோ ஒரு கிளை அலுவலகத்தின் லிங்க் டவுன் ஆனதும், அதுவரை பெயர் தெரியாதிருந்த அத்தனை பேரும் ஒரே பிரிட்ஜ் காலில் வந்து சேர்ந்து, "எவ்வளவு நேரத்தில் சரியாகும்?" என்ற ஒரே கேள்வியைப் பல ஸ்தாயிகளில் கேட்கத் தொடங்குவார்கள். அமைப்பில் மாறுதல் எதுவும் செய்யவேண்டுமானால் ஊர் உறங்கும் வேளையில்தான் செய்யவேண்டும்: இரவு 1 மணிக்குத் திறந்து 5 மணிக்கு மூடும் மெயின்டனன்ஸ் விண்டோ. அந்த நான்கு மணி நேரத்துக்குள் கான்ஃபிக்கை மாற்றி, போக்குவரத்து புதிய வழியில் சரியாகப் போகிறதா என்று பார்த்து, போகவில்லையானால் விடிவதற்குள் எல்லாவற்றையும் பழைய நிலைக்கே ரோல்பேக் செய்துவிட்டு, மறுநாள் அதற்கு விளக்கமும் எழுதவேண்டும். இது முழுக்க முழுக்கக் குறுக்கீட்டினாலேயே ஆன உத்தியோகம். இன்னும் சரியாகச் சொன்னால், குறுக்கிடப்படுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

இருந்தும் இந்தத் தொழிலில் எனக்கு ஒரு பிரீதி உண்டென்றால், அது ஒளியின் பொருட்டு. எங்கேயோ சாலை தோண்டுகிறவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டால், ஓ.டி.டி.ஆர் என்னும் கருவியை ஒரு முனையில் மாட்டி, ஒரு சிறு ஒளித்துடிப்பை உள்ளே அனுப்புகிறோம். மனித ரோமத்தைவிடப் பன்மடங்கு மெல்லியதான, சுமார் 9 மைக்ரான் குறுக்களவுள்ள கண்ணாடித் தண்டுக்குள் அந்த ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிப் பின்னால் திரும்புகிறது. திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு, கிலோமீட்டருக்குப் பத்து மைக்ரோ விநாடி என்ற கணக்கில், அறுந்த இடம் இன்ன தூரத்தில் என்று திரையில் கோடு விழுகிறது. பூமிக்கடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நேர்ந்த ஒரு முறிவை, கண்ணுக்கே தெரியாத 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியால், மேசையை விட்டு எழுந்திருக்காமல் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடமுடிகிறது. சென்னையிலிருந்து வங்கக் கடலுக்கு அடியில் சிங்கப்பூர் வரைக்கும் சுமார் 3,200 கிலோமீட்டர் போகும் கேபிளில் ஒரு செய்தி போய்த் திரும்பச் சுமார் 32 மில்லி விநாடி ஆகிறது. அதில் ஒரு மில்லி விநாடி கூடினாலும் எங்களுக்குப் புகார் வருகிறது. அதே வாரத்தில் மலைமேல் ஏறிப் பார்க்கும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்திலிருந்து வந்து சேரும் ஒளி ஏறக்குறைய 17,000 ஆண்டுத் தாமதத்துக்குப் பிறகு வந்தாலும் ஒருவரும் டிக்கெட் போடுவதில்லை.

எங்கள் தொழிலை ரசனைக்கு விரோதமானது என்று கருதுகிறவர்கள் எங்கள் சாஸ்திர கிரந்தங்களைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இணையத்தின் விதிகளை வகுக்கும் ஆர்.எஃப்.சி என்ற ஆவணத் தொடரில் 1121ஆம் எண்ணைப் பிரித்துப் பாருங்கள். 1989இல் வெளியான அது, இணையத்தைக் கட்டிய முன்னோடிகள் சிலர் எழுதிய கவிதைகளின் தொகுப்பு. ஒரு வலையமைப்பில் செய்திகள் சுழலில் அகப்பட்டுச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்காதபடி அதை ஒரு மரத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரும் உபாயத்தை 1985இல் வெளியிட்ட ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார், அந்த ஆய்வுக் கட்டுரையின் சுருக்கவுரையிலேயே, மரங்களைப் பற்றிய பிரசித்தமான ஆங்கிலக் கவிதையொன்றின் சாயலில், தாம் கண்ட உபாயத்தைச் செய்யுளாகவே பாடிவைத்தார். 1990 ஏப்ரல் முதல் தேதியில் வெளியான 1149ஆம் ஆவணமோ இணையச் செய்திகளைப் புறாவின் காலில் கட்டி அனுப்பும் முறையைச் சகல இலக்கணங்களோடும் வகுத்துக் கூறுகிறது. கிளியையும் அன்னத்தையும் நெஞ்சையும், ஏன், தமிழையே தூது விட்ட பரம்பரையில் வந்தவனுக்கு அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நார்வே தேசத்துப் பெர்கன் நகரத்து இளைஞர்கள் 2001இல் அதை மெய்யாகவே செய்து பார்த்து, அனுப்பிய ஒன்பது செய்திகளில் நான்குக்கு மறுமொழி பெற்றார்கள் என்பதைப் படித்தபோது, நம் தூது இலக்கியங்கள் எதிலும் போன பறவை திரும்பி வந்த விகிதம் கணக்கிடப்படவில்லையே என்று தோன்றியது.

இனிக் கண்ணாடி. இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் சீக்கிரம் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் உள்ளவர்கள் முன்கூட்டியே எழுந்துபோய்விடுவது வழக்கம். உங்களுக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு.

ஆறு அங்குலக் குறுக்களவுள்ள ஒரு தடித்த கண்ணாடி வட்டை, அதே அளவுள்ள இன்னொரு வட்டின்மேல் வைத்து, இடையில் கார்போரண்டம் பொடியையும் தண்ணீரையும் இட்டு, முன்னும் பின்னும் தள்ளித் தேய்க்கவேண்டும். தேய்ப்பவன் ஒரு டிரம்மைச் சுற்றி மெல்ல நடந்துகொண்டே இருக்கவேண்டும்; கையிலுள்ள வட்டையும் இடையிடையே சற்றுச் சற்றுத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதற்கு வார்ப்பு அச்சு ஒன்றும் கிடையாது. மேல் வட்டு கீழ் வட்டின் விளிம்பைத் தாண்டி நீளும்போதெல்லாம் மேலதன் நடுவும் கீழதன் ஓரமும் அதிகம் தேய்வதால், மேலது குழிகிறது, கீழது குவிகிறது. எந்தத் திசையில் தள்ளினாலும் எப்படித் திருப்பினாலும் இரண்டு பரப்புகள் எங்கும் இடைவெளியில்லாமல் பொருந்தவேண்டுமானால் அவை கோளத்தின் பகுதிகளாக மட்டுமே இருக்கமுடியும் என்பதால், தேய்ப்பவனுடைய திறமையினால் அல்லாமல் வடிவ கணிதத்தின் நிர்ப்பந்தத்தினாலேயே அங்கே ஒரு கோளப் பரப்பு பிறந்துவிடுகிறது. கை கொஞ்சம் கோணலாகப் போவதே நல்லது. ஒவ்வொரு தடவையும் ஒரேமாதிரி தள்ளும் இயந்திரக் கை, அதே பிழையை மீண்டும் மீண்டும் கண்ணாடியில் பொறித்துவிடும். 48 அங்குலக் குவியத் தூரம் வேண்டுமென்றால் நடுவில் ஏற்படவேண்டிய குழிவு 1.2 மில்லிமீட்டர்தான். முதலில் 80 என்ற எண்ணுள்ள கரடுமுரடான பொடி, பிறகு 120, 220, 400 என்று படிப்படியாக நைஸான பொடிகள். ஒரு பொடியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது வாளி, துணி, கீழே விரித்த செய்தித்தாள், நகக்கண் எல்லாவற்றையும் கழுவியோ மாற்றியோ ஆகவேண்டும், ஏனெனில் பழைய பொடியின் ஒரே ஒரு மணி எங்கேனும் ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த கட்டத்தில் வந்து விழுந்தால் அது இழுக்கும் கீறலை நீக்கப் பழையபடி ஆரம்பத்துக்கே போகவேண்டியிருக்கும்.

இந்தத் தேய்ப்பு வேலையை மாடியில் இரவு எட்டு மணிக்கு மேல் நான் தொடங்கிய காலத்தில், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் படியேறி வந்தார்கள்.

"என்ன தம்பி, தினமும் ராத்திரி அம்மி அரைக்கிற மாதிரி சத்தம் கேக்குது?"

"கண்ணாடி தேய்க்கிறேன்மா. டெலஸ்கோப்புக்கு."

"கடையில கிடைக்காதா?"

"கிடைக்கும்மா. இதுக்கு ஆகிற செலவுக்கே வாங்கிடலாம்."

"அப்புறம் எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் தகுந்த விடை சொன்னதாக நினைவில்லை. அம்மாள் விடைக்காகக் காத்திருக்கவும் இல்லை. பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற நிபந்தனையை விதித்துவிட்டு, டிரம்மின் அடியில் பழைய சாக்கு மடித்துப் போட்டால் அதிர்வு கீழே இறங்காது என்ற யோசனையையும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். அந்த யோசனை மிக நன்றாக வேலை செய்தது.

இந்தக் கட்டம் வரைக்கும் கண்ணாடி, குறுக்கீட்டை முழுமையாக மன்னிக்கும் பொருள். பாதியில் தொலைபேசி அடித்தால் வட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போகலாம்; ஒரு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே அது காத்திருக்கும். ஆகவே எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருக்கவேண்டிய ஆன்-கால் பொறுப்பு என் தலையில் விழும் வாரங்களைத் தேய்ப்புக்கு என்று ஒதுக்கிவிட்டேன். அடுத்த கட்டமாகிய பாலிஷின் குணமே வேறு. அதில் கீழ் வட்டின்மேல் பிட்சை உருக்கி ஊற்றி, அது இளகியிருக்கும்போதே கண்ணாடியை அழுத்தி அதன் வடிவத்துக்குக் கொண்டுவந்து, சதுரம் சதுரமாக வாய்க்கால் வெட்டி, சீரியம் ஆக்ஸைடு கரைசலைத் தடவி மணிக்கணக்கில் மெல்லத் தள்ளவேண்டும். பிட்ச் என்பது திடப்பொருள் போலத் தோன்றும் திரவம். சும்மா விட்டால் மெல்ல மெல்ல வழிந்து தன் வடிவத்தை இழக்கும், கண்ணாடியை அதன்மேல் வைத்தபடி அரை மணி நேரம் வேறு வேலையாகப் போய்வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். குளிர்தேசத்துப் புத்தகங்களில் சொல்லியிருக்கும் பக்குவம் நம் ஊருக்குப் பொருந்துவதில்லை என்பது வேறு. சென்னையின் சித்திரை வெயிலில் அந்தப் பக்குவத்துப் பிட்ச் இளகிக் களிபோல் ஆகிவிடும். கூடுதல் நேரம் காய்ச்சி இறுக்கிக்கொள்ளவேண்டும். மிகையாக இறுகிவிட்டால் டர்பன்டைன் சில துளி சேர்த்து, நகத்தால் அழுத்திப் பார்த்துப் பதம் அறியவேண்டும். மார்கழியில் செய்த பதம் மாசிக்கு உதவாது.

பாலிஷ் முடிந்தபிறகு பரிசோதனை. பாரிஸ் நகரத்து ஃபூக்கோ 1858இல் கண்டுபிடித்த உபாயத்துக்கு மேலான ஒன்று வீட்டில் செய்வோருக்கு இன்றுவரை தேவைப்படவில்லை. ஊசிமுனைத் துவாரத்தின் பின்னால் ஒரு விளக்கு, எட்டடி தூரத்தில் கண்ணாடி, திரும்பி வந்து குவியும் ஒளிக்கூம்பின் முனையைக் குறுக்கே வெட்டும் ஒரு சவர பிளேடு. அதற்குப் பின்னால் நம் கண். பரப்பு சரியான கோளமாயின் பிளேடு நுழைந்ததும் கண்ணாடி முழுவதும் ஒரே சமயத்தில் சாம்பல் நிறமாக மங்கும். மேடு பள்ளம் இருந்தால் சந்திரனில் மலைகளைப் பார்ப்பதுபோல அவை நிழலோடு எழுந்து நிற்கும். கட்டைவிரலைக் கண்ணாடியில் சில விநாடி வைத்து எடுத்தால், அந்தச் சூட்டில் புடைத்த மேட்டைக்கூடப் பார்க்கலாம். கோளத்தைப் பரவளையமாக ஆழப்படுத்துவதற்கு நடுவில் இன்னும் எடுக்கவேண்டியது ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை அளந்து பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியின் சூடு முழுவதும் ஆறக் காத்திருக்கவேண்டும். ஐந்து நிமிஷம் தள்ளினால் ஒரு மணி நேரம் சும்மா உட்காரவேண்டிய வேலை இது. அவசரக்காரனுக்கு இந்தக் காத்திருப்பு தண்டனை. எனக்கோ, பிரதியைத் திருத்துவதற்கு இதைவிட உசிதமான வேளை வாய்த்ததில்லை.

மேலே சொன்ன 1858ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில்தான் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே முதல் தந்திக் கேபிள் வேலை செய்யத் தொடங்கியது. விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி அக்கரை சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது, சில வாரங்களுக்குள் கேபிளும் மௌனமாகிவிட்டது. என் உத்தியோகத்தின் பாட்டனாரும் என் பொழுதுபோக்கின் பாட்டனாரும் சமவயதினர் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஒரே மனிதன் பல காரியங்களில் கை வைப்பதற்கு வானநூலில் ஹெர்ஷலைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பாத் நகரத்துச் சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டும், பகலெல்லாம் மாணவர்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்த அவர், தாமே வார்த்துத் தாமே பாலிஷ் செய்த, ஆறு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உலோக ஆடியைக் கொண்டு 1781 மார்ச் 13ஆம் தேதி இரவில் யுரேனஸைக் கண்டார். ஒருமுறை பதினாறு மணி நேரம் ஆடியிலிருந்து கையை எடுக்காமல் அவர் பாலிஷ் செய்ததாகவும், உயிர் தரிப்பதற்காக உணவைத் தாமே துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டியதாகவும் அவருடைய தங்கை கரோலின் எழுதிவைத்திருக்கிறார். அத்தகைய வேளைகளில் டான் கிஹோட்டேயையும் ஆயிரத்தொரு இரவுகளையும் அவருக்கு வாசித்துக் காட்டுவாராம். இந்தக் கதையைச் சொல்லும் பெரும்பாலோர் அண்ணனின் விடாமுயற்சியைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறார்கள். பின்னாளில் தாமே பல வால்மீன்களைக் கண்டறிந்த ஒரு பெண்மணியின் பொழுதுதான் அந்தப் பதினாறு மணி நேரத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. நம் பொழுதுபோக்குகளைப் பற்றி நாம் பெருமை பேசும்போது, நமக்காக யாருடைய கை சோறு பிசைகிறது என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. என் வீட்டில் அந்தக் கேள்வி ஞாயிற்றுக்கிழமைகளில் உரத்த குரலிலேயே கேட்கப்படுகிறது. ஞாயிறு சமையல் என்னுடையதாக ஆனது அதனால்தான்.

ஜான் டாப்ஸனின் சங்கடம் இன்னும் விசித்திரமானது. ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ ஆசிரமத்தில் 1944இல் சேர்ந்து துறவியாக இருந்த அவர், கப்பல் சாளரக் கண்ணாடிகளைத் தேய்த்துத் தொலைநோக்கி செய்து, ஆசிரமத்துக்கு வெளியே தெருவில் போகும் குழந்தைகளுக்கு வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். மடத்தின் பெரியவர்களுக்கு இது உவப்பாக இல்லாததால், கடிதங்களில் தொலைநோக்கியை 'ஜெரேனியம்' என்ற பூச்செடியின் பெயரால் குறிப்பிட்டு மறைத்து எழுதவேண்டியதாயிற்று. கடைசியில் 1967இல் மடத்தைவிட்டு வெளியேறவேண்டிவந்தது. அதன் பிறகு அவர் பிரபலப்படுத்திய ஒட்டுப்பலகைப் பீடத்தில்தான் என் தொலைநோக்கியும் நிற்கிறது.

ஆனால் என் மனத்துக்கு இவர்கள் எல்லோரையும்விட நெருக்கமானவர் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த அரசாங்க வானாய்வு நிலையத்தில் முதல் உதவியாளராக உத்தியோகம் பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பகலில் கணக்கும் இரவில் நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் பணியுமாக, நம் போன்றோருடைய ஷிஃப்டைவிடக் கடுமையான ஷிஃப்டில் இருந்த அவர், 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரம் ஒளி மாறும் தன்மையுள்ளது என்று கண்டறிந்தார். 1874 டிசம்பர் 9ஆம் தேதி சுக்கிரன் சூரியனின் குறுக்கே கடக்கவிருந்தபோது, அதைச் சாமான்ய ஜனங்களுக்கு விளக்கும் பொருட்டு ஒரு சிறு நூல் எழுதி, இந்திய மொழிகள் சிலவற்றிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்; அதைச் சூத்திரமாகவோ பிரசங்கமாகவோ எழுதாமல், உரையாடலாக எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம். உத்தியோகமும் வானமும் எழுத்தும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன, மூன்றில் எதையும் அவர் இன்னொன்றுக்காகத் தூக்கியெறியவில்லை. அவருக்கு வானமே உத்தியோகமாக இருந்ததே என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம்; நியாயம்தான். ஆனாலும் உத்தியோகமாகிவிட்ட பொருளின் மேல் பிரியத்தைக் காப்பாற்றிக்கொள்வது பொழுதுபோக்கின் மேல் பிரியமாக இருப்பதைவிடச் சிரமமான காரியம் என்பதை, ரவுட்டர்களை நேசித்து இந்தத் தொழிலுக்கு வந்த எவனும் ஒப்புக்கொள்வான்.

எழுத்தைப் பற்றி நான் குறைவாகவே சொல்லப்போகிறேன். உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதுவதைப் பெரிய தியாகமாகச் சித்திரிக்கும் பேச்சு தமிழில் செல்லாது. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தார், லா.ச. ராமாமிர்தம் வங்கியில் இருந்தார், தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார்; ஜெயமோகன் தொலைபேசித் துறையில் இருந்தார். சம்பளப் பட்டியலில் பெயரில்லாத தமிழ் எழுத்தாளர்களை எண்ணிவிடலாம். ஆகவே வேலை இருக்கிறதே என்பது எழுதாமலிருப்பதற்குக் காரணமாகாது. என் மூன்று காரியங்களில் குறுக்கீட்டைச் சற்றும் பொறுக்காதது முதல் பிரதிதான். ஒரு வாக்கியத்தின் நடுவில் ஃபோன் அடித்தால், அந்த வாக்கியம் மட்டுமல்ல, அந்த வாக்கியம் எந்தக் குரலில் சொல்லப்பட்டுக்கொண்டிருந்ததோ அந்தக் குரலே போய்விடுகிறது. அதற்கு உகந்த வேளையை நான் தேடிக் கண்டது விநோதமான ஓர் இடத்தில்: மெயின்டனன்ஸ் விண்டோவுக்கு மறுநாள் முற்பகல். இரவு முழுவதும் விழித்தவனுக்கு அன்று காம்ப்-ஆஃப், பொறுப்பு அடுத்த ஷிஃப்டுக்குப் போய்விட்டது, குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். ஆறிலிருந்து பத்து வரை தூங்கி எழுந்தால், மதியச் சாப்பாடு வரைக்கும் சட்டப்படி என்னை அழைக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. முதல் பிரதிகளெல்லாம் அங்கேதான் பிறந்தன. திருத்துவது அப்படியல்ல; ஒரு சுவிட்சுக்குப் புதிய மென்பொருள் இறங்கிக்கொண்டிருக்கும் இருபது நிமிஷத்திலும் ஒரு பத்தியைச் செப்பனிடலாம்.

நட்சத்திரங்களைப் பார்ப்பவன் ஆனதால் கதைகளில் பிரபஞ்ச விசாரம் வந்திருக்குமே என்று நண்பர்கள் எதிர்பார்க்கிறார்கள். வரவில்லை. நான் எழுதிய கதைகளில் இருப்பவர்கள் ராத்திரி கேப் ஓட்டுகிறவர்களும், ஏ.சி. குளிரில் சால்வை போர்த்திக்கொண்டு திரையைப் பார்க்கும் ஒப்பந்த ஊழியர்களும், சிறுசேரிப் பக்கத்தில் விடியற்காலை டீக்கடை போடுகிறவர்களும்தான். வானத்தில் கதை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே விரோதமும் கடனும் கிடையாது. மூன்று காரியங்களுக்கும் அந்தரங்கமான தொடர்பு இருப்பதாகக் காட்டி, ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது என்று பேசுவது மேடைக்கு அழகாக இருக்கலாம். என் அனுபவத்தில் அவை ஒன்றையொன்று சட்டைசெய்யாத மூன்று குடித்தனக்காரர்கள். தேய்ப்பின்போது மட்டும் கை தானாக ஓடுவதால் மனம் ஒரு பாத்திரத்தைச் சுற்றி அலைந்து, சில சமயம் கதைக்கு ஒரு முடிச்சு அகப்படும். பரவளையம் கொண்டுவரும் கட்டத்தில் அதற்கும் இடமில்லை.

எஞ்சியது ருது கணக்கு. ஐப்பசியிலிருந்து மார்கழியின் முதல் பாதி வரை சென்னையில் வானம் இல்லை; அது எழுதுவதற்கும் கரடுமுரடான தேய்ப்புக்கும். தை பிறந்து ஈரம் குறைந்ததும் பாலிஷ். தை, மாசி, பங்குனி அமாவாசைகளுக்கு ஜவ்வாது மலைப் பக்கம் போய்விடவேண்டும். அங்கேதான் காவலூரில், பெங்களூரிலேயே தேய்த்துப் பாலிஷ் செய்யப்பட்ட 2.34 மீட்டர் ஆடியோடு 1986இலிருந்து வைணு பாப்பு தொலைநோக்கி இயங்குகிறது. அந்த அட்சரேகையிலிருந்து தெற்கே தாழ்ந்து செல்லும் அகத்திய நட்சத்திரத்தையும் தென்சிலுவையையும் ஐரோப்பியர்கள் பொறாமைப்படும் உயரத்தில் பார்க்கலாம். அமாவாசையும் ஆன்-காலும் ஒரே வாரத்தில் வருவதுதான் இந்த ஏற்பாட்டின் பரம விரோதி. அதற்கு ஒரு பண்டமாற்று வைத்திருக்கிறேன்: தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் முதலிய நாட்களில் யாருக்கு ரோஸ்டர் விழுந்தாலும் நான் எடுத்துக்கொள்வேன், பதிலுக்கு அந்த மூன்று அமாவாசைகளும் எனக்கு. தீபாவளியே ஓர் அமாவாசைதானே, அதை விட்டுக்கொடுக்கிறாயே என்று கேட்காதீர்கள். ஐப்பசி அமாவாசையில் மழை இல்லாவிட்டாலும் பட்டாசுப் புகையில் சூரியனே சந்தேகம்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் பையன் ஒருவன், கவிதை எழுதுகிறவன், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நானும் கண்ணாடி தேய்க்கலாமாண்ணா? இல்ல, கவிதை போயிடுமா?" என்று கேட்டான். கவிதை எத்தனை நிமிஷக் குறுக்கீட்டைத் தாங்கும் என்று அவனைத் திருப்பிக் கேட்டேன். யோசித்துவிட்டு, "பஸ்ஸுலதாண்ணா எழுதறேன்" என்றான். அப்படியானால் அவன் என்னைவிட வசதியான நிலையில் இருக்கிறான். 80ஆம் எண் பொடி என்னிடம் நிறைய மிச்சமிருக்கிறது, ஆறு அங்குல வட்டும் ஒரு ஜோடி உண்டு. டிரம்மையும் சாக்கையும் அவன் கொண்டுவரவேண்டும். அவனுக்கு அடுத்த வாரம் ஆன்-கால், ஆகவே தொடங்குவதற்குச் சரியான வாரம்.